விரல் நோகுதெண்டா பிழை விரலிலயோ? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: அண்ணை, நான் மல்லாவி. ஓஎல் சோதினை எழுதிப்போட்டு வீட்டில நிக்கிறன், கிற்றார் பழகச் சரியான விருப்பம். கனடா மாமா நாப்பதாயிரம் அனுப்பியிருக்கிறார். கிளிநொச்சியில கடையில கேட்டா ஸ்டீல் கம்பி போட்டதைத்தான் எல்லாரும் வாங்கீனம் எண்டுறாங்கள், கோயில் பாடகர் குழுவில வாசிக்கிற அக்கா நைலோன் வாங்கு எண்டுறா. ஆற்ற கதையைக் கேக்கிறது? எனக்குச் சின்னக் கை வேற.

பதில்: தங்கச்சி, ரெண்டு பேரும் பொய் சொல்லேல்ல. நைலோன் மெத்து, விரல் நோ குறைவு, ஆனா கழுத்து அகலம், தலைப்பக்கம் 52 மில்லிமீற்றர் மட்டில வரும், ஸ்டீல் எண்டா 43 தான். சின்னக் கைக்கு அந்த 9 மில்லிமீற்றர் பெரிய தூரம். அதால கடையில ரெண்டையும் மடியில வச்சு, பெருவிரலைக் கழுத்துக்குப் பின்னால குடுத்து, மற்ற விரலால ஆறாவது கம்பியை (ஆக மொத்தமானதை) எட்டி அமத்திப் பாருங்கோ, கை தானே சொல்லும். கோட் (கன சுரத்தைச் சேத்து ஒரேயடியா வாசிக்கிறது) அடிச்சுப் பாடத்தான் ஆசை எண்டா நான் ஸ்டீல் எண்டுதான் சொல்லுவன், ஆனா அனேகமா அதில 12 செட் கம்பிதான் (ஆக மெல்லிய கம்பி 0.012 அங்குல மொத்தம்) பூட்டிக் கிடக்கும், அதைக் கழட்டிப்போட்டு மெல்லிசு 10 செட் போடச் சொல்லுங்கோ.

ஆனா நைலோனோ ஸ்டீலோ எண்டதை விடப் பெரிய விசயம் ஒண்டு இருக்கு, அதைக் கடைக்காரர் சொல்லமாட்டினம். கம்பி ஃபிரெட்டில (கழுத்தில குறுக்க பதிச்சிருக்கிற உலோகக் கட்டை) இருந்து எவ்வளவு உயரத்தில நிக்குது எண்டது. நான் முதல் வாங்கினது பரந்தன் பக்கம் ஒருத்தர் வித்த பழசு, ஆறு மாசம் விரல் நுனி வெடிக்க வெடிக்க அமத்தியும் ஒரு கோட் ஒழுங்காக் கேக்கேல்ல, என்ர விரல்தான் உதவாத விரல் எண்டு விட்டிட்டன். பிறகு பாடகர் குழு மாஸ்ரர் ஒராள் வாங்கிப் பாத்திட்டுச் சிரிச்சார், பன்ரெண்டாம் ஃபிரெட்டில 5 மில்லிமீற்றர்! தன்ர கிற்றாரைத் தந்து இதை அமத்து எண்டார், முதல் தரமே கேட்டுது. எனக்கு அழுகையும் கோவமும் சேந்து வந்திது.

நீங்கள் கொம்பாஸ் பெட்டி அடிமட்டத்தைக் கொண்டு போங்கோ, வெக்கப்படாதேங்கோ. (சில அடிமட்டத்தில பூச்சியத்துக்கு முன்னால கொஞ்சம் வெறும் இடம் கிடக்கும், அதையும் கூட்டிப் பாருங்கோ.) பன்ரெண்டாம் ஃபிரெட்டில ஆறாவது கம்பிக்குக் கீழ ஸ்டீல் எண்டா இரண்டரை மில்லிமீற்றர் மட்டில, நைலோன் எண்டா நாலுக்குள்ள இருக்கோணும். பிறகு தச்சுவேலைக்காரர் சிலாகை ஓட்டம் பாக்கிற மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்து நீளத்துக்குப் பாருங்கோ, லேசா உள்வளைவு பரவாயில்ல, வில்லு மாதிரி எண்டாலோ முறுகிக் கிடந்தாலோ வச்சிட்டு வாங்கோ. ஒவ்வொரு ஃபிரெட்டிலயும் ஒவ்வொரு கம்பியா அடிச்சு எங்கயாவது கிர்ர் எண்டுதோ எண்டு கேளுங்கோ. கடைசியா போன்ல சுருதி பாக்கிற ரியூனர் அப் போட்டு ஒரு கம்பியைச் சும்மா தட்டுங்கோ, பிறகு பன்ரெண்டில அமத்தித் தட்டுங்கோ, ரெண்டும் ஒரே சுரத்தைக் காட்டோணும், ஊசி கனக்க விலகினா அது என்னதான் சுருதி கூட்டினாலும் பாட்டுக்குச் சேராது.

பிராண்டைப் பற்றி ரெண்டு வசனம் காணும்: யமஹா எஃப்310 ஸ்டீல், சி40 நைலோன், ரெண்டும் பழகிறவைக்கெண்டே செய்தது, பழசா நல்லதொண்டு அம்பிட்டா யோசிக்காதேங்கோ. புதுக் கம்பி கொஞ்ச நாளுக்கு இழுபட்டு இழுபட்டுச் சுருதி இறங்கும், பழுது எண்டு பயப்படாதேங்கோ.

கேள்வி: மகனுக்கு 9 வயசு. வளருவான் தானே எண்டு பெரிய கிற்றாராவே வாங்கலாமோ? (புதுக்குடியிருப்பில இருந்து ஒரு அம்மா)

பதில்: வளருவான் எண்டு ரெண்டு சைஸ் பெரிய சப்பாத்து வாங்கிக் குடுத்தா ஓடுவானோ அக்கா? முக்கால் சைஸ் நைலோன் வாங்குங்கோ. வளந்தாப் பிறகு அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு விக்கலாம்.

கேள்வி: நைலோன் கிற்றாருக்குச் சத்தம் காணாது, ஸ்டீல் கம்பி போட்டா என்ன? (ஒட்டுசுட்டான் பெடியன்)

பதில்: டேய் தம்பி, அந்த விசர் வேலையை நான் செய்து பாத்திட்டன். நைலோன் ஆறும் சேந்து இழுக்கிறது கிட்டத்தட்ட 40 கிலோ, ஸ்டீல் 70 கிலோவுக்கு மேல, நைலோன் கிற்றாருக்கு உள்ள குடுத்திருக்கிற சிலாகையெல்லாம் மெல்லிசு. போட்டு மூண்டாம் நாள் சாமம் "டமார்" எண்டு சத்தம், கள்ளன் எண்டு அப்பா பொல்லோட எழும்பி வந்தார், பாத்தா கம்பி பூட்டுற பாலம் பலகையையும் உரிச்சுக்கொண்டு கழண்டு கிடக்குது. வெக்கையிலயும் பசை இளகும், அதால சோளகம் வீசுற மாசங்களில தகரத்துக்குக் கீழயும் வானுக்குள்ளயும் வைக்காத. சத்தம் காணாதெண்டா சுவர் மூலையைப் பாத்துக்கொண்டு இருந்து வாசி, காசில்லாமலே கூடிக் கேக்கும்.