சிரிப்புக்கு விடும் இடைவெளி

கேள்வி: எட்டு ஆண்டுகளாக நகைச்சுவைத் திரைக்கதைகள் எழுதி வருகிறேன். வாசித்துக் காட்டும்போது விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். திரையில் அதே காட்சி சப்பென்று ஆகிவிடுகிறது. இனி நானே இயக்குவதுதான் வழியா?

பதில்: உங்கள் ஆதங்கம் புதிதன்று. திரைக்கதை எழுத்தாளராக இருந்த பில்லி வைல்டர் ஹாலிவுட்டில் படம் இயக்க வந்ததற்கு, தாம் எழுதிய காட்சிகளைப் பிறர் மாற்றியதால் எழுந்த எரிச்சல் ஒரு முக்கியக் காரணம். இன்னொரு ஹாலிவுட் எழுத்தாளரான பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ், இயக்கும் வாய்ப்பு கிடைத்தால் போதும் என்று தம் திரைக்கதையைப் பாரமவுண்ட் நிறுவனத்துக்கு வெறும் 10 டாலருக்குக் கொடுத்தார்; 1940இல் வெளிவந்த அந்தப் படம் அவருக்குத் திரைக்கதைக்கான ஆஸ்கர் விருதையும் பெற்றுத் தந்தது. அப்போது அவர் நல்ல ஊதியம் வாங்கிய எழுத்தாளர் என்பதை மட்டும், இந்தக் கதையைச் சொல்பவர்கள் வசதியாக விட்டுவிடுகிறார்கள். ஆகவே வருமானத்தைக் கைவிட்டுவிட்டு இறங்காதீர்கள்.

அதற்கு முன், சிரிப்பு எந்த இடத்தில் நழுவுகிறது என்று பாருங்கள். வாசித்துக் காட்டும்போது நண்பர்கள் சிரித்து முடிக்கும்வரை நீங்கள் உங்களை அறியாமலேயே காத்திருக்கிறீர்கள். படமோ யாருக்காகவும் காத்திருப்பதில்லை. வைல்டரின் ‘சம் லைக் இட் ஹாட்’ (1959) படத்தில், தனக்குத் திருமணம் நிச்சயமானதை நடிகர் ஜாக் லெம்மன் அறிவிக்கும் காட்சியில், அவர் கையில் இரண்டு கிலுகிலுப்பைகளைக் கொடுத்து, வசனத்துக்கு வசனம் அவற்றை ஆட்டிக் குதூகலிக்கும்படி செய்தார் வைல்டர். அரங்கின் சிரிப்பொலியில் அடுத்த வசனம் மூழ்கிவிடக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. இவ்வாறு நொடிகளை எண்ணிப் பார்ப்பதில் உங்களுக்கு ஆர்வம் இருந்தால் நீங்கள் இயக்கலாம். எழுதிய வசனத்தில் எவரும் கைவைக்கக் கூடாது என்பது மட்டுமே நோக்கமானால், வேண்டாம்.

இயக்குநராகி வெகுகாலம் ஆன பின்னும் வைல்டர் உடனிருந்து எழுத ஒருவரைத் தேடிக்கொண்டார் என்பதையும் கவனியுங்கள்: முதலில் சார்லஸ் பிராக்கெட், 1957 முதல் ஐ. ஏ. எல். டயமண்ட். எழுதுபவரும் இயக்குபவரும் ஒருவரே ஆகும்போது, ‘இதற்குச் சிரிப்பு வரவில்லை’ என்று முகத்துக்கு நேரே சொல்ல ஆள் இல்லாமல் போய்விடும்.

இப்போதைக்கு, உங்கள் அடுத்த படத்தின் படத்தொகுப்பு அறையில் உட்கார அனுமதி கேளுங்கள். பிறகு பத்து நிமிடக் குறும்படம் ஒன்றை இயக்கி, உங்களை அறியாதவர்களுக்குத் திரையிடுங்கள். திரையைப் பார்க்காமல் அவர்களுடைய முகங்களைப் பாருங்கள்.