குழுவாக ஆவணப்படம் எடுக்கும் மாணவர்களுக்கு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) இறுதியாண்டில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தோம். அதில் எடிட்டிங் என் பொறுப்பு, இன்றைக்கும் அதுதான் என் தொழில். ஒவ்வொரு வருடமும் ப்ராஜெக்ட் சமயத்தில் கல்லூரிப் பிள்ளைகள் ஹார்ட் டிஸ்க்கோடு வந்து உட்காருவார்கள், பாதிப் பேச்சு படத்தைப் பற்றி, மீதிப் பேச்சு குழுச் சண்டையைப் பற்றி. இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு ஒரே மூச்சில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, குழுவில் ஆறு பேர். வேலை செய்வது ரெண்டு பேர். மார்க் மட்டும் எல்லோருக்கும் ஒன்று. என்ன செய்வது?

முதலில் அந்த நாலு பேருக்கும் என்ன வேலை கொடுத்தீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலான குழுக்களில் டைரக்‌ஷன், கேமரா இரண்டையும் பிடிக்க எல்லோரும் ஓடுவார்கள், கிடைக்காதவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். ஆனால் ஆவணப்படத்தில் வேலை அங்கே முடிவதில்லை. சவுண்டுக்கு ஒருவர் முழுநேரமாக வேண்டும். அனுமதி, வண்டி, சாப்பாடு, போன் பேசுவது எல்லாம் தனியாக ஒருவர் தலையில் போக வேண்டும். அப்புறம் யாரும் விரும்பாத, ஆனால் படத்தையே தூக்கி நிறுத்துகிற ஒரு வேலை உண்டு: எடுத்த பேட்டிகளை வார்த்தைக்கு வார்த்தை, நேரக் குறிப்போடு எழுதி வைப்பது. எங்கள் குழுவில் இதைச் செய்தவள் அதிகம் பேசாத ஒரு தோழி. எடிட்டிங்குக்கு உட்கார்ந்தபோது படம் முழுக்க அவள் நோட்டில்தான் இருந்தது, "தண்ணி லாரி பத்தி யாரு சொன்னாங்க?" என்று கேட்டால் எந்த ஃபைல், எத்தனையாவது நிமிடம் என்று உடனே சொல்வாள்.

பொறுப்புகளை ஒரு தாளில் எழுதி, ஆறு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆசிரியரிடமும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். நண்பர்களுக்குள் எதற்கு இதெல்லாம் என்று நினைக்காதீர்கள், நண்பர்களாகவே நீடிக்கத்தான் இது.

கேள்வி: கைத்தறி நெசவாளர்களைப் பற்றி எடுக்கிறோம் என்று தலைப்பு கொடுத்தோம். "இது தலைப்பே இல்லை" என்று மேடம் திருப்பி அனுப்பிவிட்டார். எல்லோரும் இப்படித்தானே எடுக்கிறார்கள்?

உங்கள் மேடம் சொன்னது சரிதான். நெசவாளர்கள் என்பது ஒரு துறை. அதற்குள் உங்களுக்குப் பதில் தெரியாத ஒரு கேள்வி வேண்டும்.

நாங்களும் "உப்பளத் தொழிலாளர் வாழ்க்கை" என்றுதான் ஆரம்பித்தோம். அப்படி எடுத்திருந்தால் வெயில், வெள்ளை உப்பு, வெடித்த பாதம், சோக இசை என்று பத்து நிமிடம் ஓடியிருக்கும். கேமரா இல்லாமல் போய்ப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் வேலை வருடம் முழுக்க இல்லை என்பது உறைத்தது. தை, மாசி வாக்கில் பாத்தியைச் சரிசெய்து மிதித்துத் தயார் பண்ணுகிறார்கள், வெயில் ஏற ஏற உப்பு விளைகிறது, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் எல்லாம் நின்றுவிடுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூலி இல்லை. இந்த மாதங்களுக்கு என்று தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கிறது. மூன்று மாதத்துக்கு அது எப்படிப் போதும், மீதிக்கு யாரிடம் கடன், அந்தக் கடன் எந்த மாதம் அடைகிறது? இந்தக் கேள்வி கிடைத்த பிறகு எதை எடுக்க வேண்டும், எதை எடுக்கத் தேவையில்லை என்பதில் ஆறு பேருக்கும் குழப்பமே வரவில்லை. உங்கள் நெசவாளர் வீட்டிலும் இப்படி ஒன்று நிச்சயம் இருக்கும். தறிக்கான பாவு நூலை யார் வாங்கிக் கொடுக்கிறார், கூலி எந்த நாளில் வருகிறது, மகன் தறியில் உட்காருகிறானா, அங்கிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: மொபைலில்தான் எடுக்கிறோம். படம் நன்றாக வருகிறது, சத்தம் கேட்கச் சகிக்கவில்லை. கம்மி செலவில் வழி உண்டா?

உண்டு. படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், பேச்சு புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். அதனால் கையில் இருக்கும் பணத்தை லென்ஸில் போடாமல் மைக்கில் போடுங்கள்.

சட்டையில் மாட்டுகிற சாதாரண காலர் மைக் ஒன்று, அதைச் செருகி ரெக்கார்ட் பண்ண இன்னொரு போன், இவ்வளவு போதும். பேசுகிறவர் இடுப்பிலோ மடியிலோ அந்தப் போனை ஏரோப்ளேன் மோடில் வைத்துவிடுங்கள். ஆரம்பிக்கும்போது கேமரா முன்னால் ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள், எடிட்டிங்கில் அந்தத் தட்டலை வைத்துப் படத்தையும் சத்தத்தையும் இணைத்துவிடலாம். ஒலி அளவு மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி இருக்கட்டும், சிவப்பைத் தொட்டுச் சிதறிப்போன சத்தத்தைப் பிற்பாடு யாராலும் மீட்க முடியாது. திறந்த வெளியில் மைக்கின் மேல் ரோமம் போன்ற காற்றுத் தடுப்பு உறை அவசியம். தூத்துக்குடியில் ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று அடிக்கும்போது அது இல்லாமல் ஒரு வாக்கியம்கூடத் தேறாது.

இன்னொன்று, ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். மோட்டார் ஓடுவது, பலகையால் உப்பை இழுக்கும்போது வருகிற அந்தக் கரகரப்பு, தூரத்தில் லாரி. இரண்டு பேட்டித் துண்டுகளை ஒட்டும்போது வெட்டுத் தெரியாமல் மூடுவதற்கு இதைவிட நல்ல பொருள் கிடையாது.

மொபைலில் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய வேறொரு சிக்கல், பல போன்கள் நிலையான ஃப்ரேம் ரேட்டில், அதாவது நொடிக்கு ஒரே எண்ணிக்கையிலான ஃப்ரேம்களாக, பதிவு செய்வதில்லை. நீளமான பேட்டியில் போகப் போக உதடும் சத்தமும் விலகிவிடும். எடிட்டிங் தொடங்கும் முன்பே எல்லாவற்றையும் ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டுக்குள் எடுத்தால் ட்யூப்லைட் துடிக்கிறது. வெளியே எடுத்தால் முகம் கறுத்துப் போகிறது. கேமரா கோளாறா?

கேமரா நன்றாகத்தான் இருக்கிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 25 ஃப்ரேமில், ஷட்டர் வேகத்தை 1/50 நொடி வைத்தால் துடிப்பு நின்றுவிடும். வெளியே பின்னணி வெளிச்சமாக இருந்தால் கேமராவின் ஒளி மீட்டர் ஏமாந்துபோய் மொத்தப் படத்தையும் இருட்டாக்கும், உப்பளத்தில் இது உச்சம், சுற்றிலும் வெள்ளை. முகத்தைப் பார்த்து எக்ஸ்போஷரை வைத்து லாக் பண்ணுங்கள், உப்பு கொஞ்சம் வெளிறினாலும் பரவாயில்லை. அல்லது வெயில் ஏறும் முன் எடுங்கள், அந்த மக்கள் வேலைக்கு இறங்குவதே விடியும் முன்தானே.

கேள்வி: கேமராவைப் பார்த்ததும் எல்லோரும் மேடைப்பேச்சு மாதிரிப் பேசுகிறார்கள். இயல்பாகப் பேச வைப்பது எப்படி?

உங்கள் கேள்வியை மாற்றுங்கள். "உங்க கஷ்டம் என்னம்மா?" என்று கேட்டால் இதற்கு முன் வந்த எல்லாச் செய்தியாளர்களுக்கும் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்வார்கள். அதில் அவர்கள் தவறு ஒன்றுமில்லை. எங்களில் பேட்டி எடுத்தவன் ஓர் அம்மாவிடம், "நேத்து ராத்திரி எத்தனை மணிக்கு எழுந்திருச்சீங்க, எழுந்ததும் முதல்ல என்ன செஞ்சீங்க?" என்று மட்டும் கேட்டான். ரெண்டு மணிக்கு எழுந்து சோறு பொங்கித் தூக்குவாளியில் போட்டது, மகளை எழுப்பாமல் கதவைச் சாத்தியது, காலில் விளக்கெண்ணெய் தடவி மேலே மகனுடைய பழைய பள்ளிக்கூடச் சாக்ஸை மாட்டிக்கொண்டது, நெற்றியில் டார்ச் கட்டியது என்று அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். கஷ்டம் என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. படத்தில் பார்த்தவர்கள் மறக்காத இடம் அதுதான்.

அப்புறம், அவர்களுக்குத் தெரிந்த வேலையைப் பற்றிக் கேளுங்கள். தண்ணீர் எத்தனை டிகிரி (சூடு இல்லை, உப்புச் செறிவைக் காட்டும் போமே அளவு) வந்தால் பாத்தியில் விடுவீர்கள் என்று கேட்டதும் அதுவரை ஒற்றைச் சொல்லில் பதில் சொன்ன ஒரு பெரியவர் முகமே மாறிவிட்டது. கடல் தண்ணீர் மூணு, மூணரை டிகிரிதான், அங்கே பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்று உவர்நீர், அதை வெயிலில் நிறுத்தி நிறுத்தி 25 டிகிரிக்குக் கொண்டுவந்தால்தான் உப்பு படியும், அளவு தாண்டிப் போனால் கசப்பு ஏறும். கருவியை எடுக்காமல் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே சொல்வேன் என்றார், சொல்லியும் காட்டினார். அவரைப் பாவப்பட்ட மனிதராகப் பார்க்காமல் தொழில் தெரிந்தவராகப் பார்த்தது குழுவில் எல்லோரையுமே மாற்றியது என்று நினைக்கிறேன்.

கேள்வி: நல்ல ஷாட் தவறிவிட்டால், "இன்னொரு தடவை அப்படியே நடந்து வாங்க" என்று கேட்கலாமா? அது பொய்யாகாதா?

இந்தக் கேள்வி ஆவணப்படம் பிறந்த காலத்திலிருந்தே இருக்கிறது. 1922-ல் ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி எடுத்த நானூக் ஆஃப் த நார்த் படத்தில், பனி வீட்டுக்குள் கேமராவுக்கு வெளிச்சம் போதாது என்று ஒரு பக்கம் திறந்த வீட்டைக் கட்ட வைத்துத்தான் உள்ளே நடப்பதை எடுத்தார்கள். என் கணக்கு இதுதான்: அவர் தினமும் நடக்கிற வழியில் இன்னொருமுறை நடக்கச் சொல்வதில் தப்பில்லை. அழச் சொல்வது, சண்டை போடச் சொல்வது, செய்யாததைச் செய்யச் சொல்வது கூடாது. வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் கேளுங்கள், அதுவும் ஒரே ஒருமுறை.

கேள்வி: பேட்டி கொடுத்தவர்களுக்குப் பணம் கொடுக்கலாமா மேடம்?

பேச்சுக்குப் பணம் வேண்டாம், கொடுத்தால் நமக்குப் பிடித்ததைப் பேச ஆரம்பிப்பார்கள். ஆனால் நம்மால் ஒருவர் அரைநாள் வேலையை விட்டால் அந்தக் கூலியைக் கொடுத்தே ஆக வேண்டும், இதை முதல் நாளே பட்ஜெட்டில் எழுதுங்கள். "இந்தப் படம் வந்தா உங்களுக்கு வீடு கிடைக்கும்" என்பது போன்ற வாக்கு எதையும் தயவுசெய்து கொடுக்காதீர்கள். எழுத்தில் ஒப்புதல் வாங்கும்போது படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள். முதலாளியைப் பற்றிப் பேசியவர் மறுநாள் அதே அளத்துக்கு வேலைக்குப் போக வேண்டும் என்பது உங்கள் நினைவில் இருக்கட்டும், அவர் வேண்டாம் என்றால் எவ்வளவு நல்ல துண்டாக இருந்தாலும் வெட்டிவிடுங்கள்.

கேள்வி: ட்ரோன் ஷாட் இல்லாமல் இப்போதெல்லாம் மதிப்பு இருக்கிறதா?

தாராளமாக இருக்கிறது. 2021-ன் ட்ரோன் விதிகள்படி வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டிருக்கிறது, முதலில் வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிறம் என்று பாருங்கள். விமான நிலையம், துறைமுகம், அனல் மின் நிலையம் எல்லாம் உள்ள தூத்துக்குடியில் நாங்கள் அந்த ஆசையையே விட்டுவிட்டு, நின்றிருந்த லாரியின் மேல் ஏறி எடுத்தோம்.

கேள்வி: அக்கா, எடிட்டிங்கில் பெரிய சண்டை. டைரக்டர் ஒரு வெர்ஷன், எடிட்டர் ஒரு வெர்ஷன். ஓட்டெடுப்பு வைத்தால் மூணுக்கு மூணு. சமர்ப்பிக்க ரெண்டு வாரம்தான் இருக்கிறது.

ஓட்டெடுப்பில் படம் வராது. எல்லோருக்கும் பிடித்த ஷாட்டை எல்லாம் சேர்த்தால் இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு தொகுப்பு வரும், அவ்வளவுதான்.

இப்படிச் செய்து பாருங்கள். கம்ப்யூட்டரை மூடிவிட்டு, பேட்டிகளின் எழுத்து வடிவத்தை அச்செடுத்து, தேவையான பகுதிகளைக் கத்தரித்துத் தரையில் பரப்புங்கள். ஆறு பேரும் சுற்றி உட்காருங்கள். ஒவ்வொரு துண்டையும் கையில் எடுத்து, நாம் வைத்துக்கொண்ட கேள்விக்கு இது என்ன சொல்கிறது என்று மட்டும் கேளுங்கள். "எனக்குப் பிடிச்சிருக்கு", "எவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்தேன் தெரியுமா" இரண்டும் காரணம் ஆகாது. எங்கள் குழுவில் அழகான சூரிய உதயம் ஒன்று இப்படித்தான் போனது, எடுத்தவனே கடைசியில் அந்தத் தாளை எடுத்து ஓரமாக வைத்தான். ராஜாஜி 1930-ல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்த உப்புச் சத்தியாகிரகத்தைப் பற்றி ஒரு பகுதியும் வைத்திருந்தோம், வரலாறாக முக்கியமானது, ஆனால் மழைக்காலக் கடனைப் பற்றிய படத்தில் அதற்கு இடமில்லை என்று ஒரு மாலை முழுக்கப் பேசித்தான் எடுத்தோம்.

தரையில் வரிசை முடிவானதும் எடிட்டர் தனியாக வெட்டட்டும், தோளுக்குப் பின்னால் ஐந்து பேர் நிற்க வேண்டாம். வெட்டிய பிறகு விஷயம் தெரியாத யாராவது ஒருவரை, பக்கத்து அறைப் பிள்ளையையோ வீட்டில் பாட்டியையோ உட்கார வைத்துக் காட்டி, அவர் முகத்தைப் பாருங்கள். எங்கே போனை எடுக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் முடிவாகாவிட்டால் டைரக்டர் சொல்வதே இறுதி, அது முதல் நாள் தாளில் எழுதியிருக்க வேண்டும்.

கேள்வி: சினிமாப் பாட்டு போடலாமா? விழாக்களுக்கு அனுப்ப சென்சார் வேண்டுமா?

பாட்டு வேண்டாம், உரிமை வாங்காமல் யூட்யூபில் ஏற்றினால் தானாகவே பிடிபடும். வயலில், அளத்தில் அவர்களே பாடினால் அனுமதி கேட்டு அதை வைத்துக்கொள்ளுங்கள். தியேட்டர் மாதிரிப் பொதுத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும், விழாக்கள் வழக்கமாகத் தாங்களே விலக்கு வாங்கிக்கொள்ளும், ஆனாலும் ஒவ்வொரு விழாவின் விதியையும் படித்துவிடுங்கள். ஆவணப்படம், குறும்படம், அனிமேஷன் படங்களுக்காக 1990 முதல் நடக்கிற மும்பை சர்வதேசத் திரைப்பட விழா, திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள ஆவணப்பட, குறும்பட விழா இரண்டையும் மாணவர்கள் கவனிக்கலாம்.

கேள்வி: படத்தோடு "குழு அனுபவம்" என்று ஒரு கட்டுரையும் கேட்கிறார்கள். "ஒற்றுமையாக வேலை செய்தோம், நிறைய கற்றுக்கொண்டோம்" என்பதைத் தவிர என்ன எழுதுவது?

அந்த இரண்டு வரியையும் முதலில் அடியுங்கள். ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, அது முதலில் யார் யோசனை, யார் மறுத்தார், என்ன காரணம் சொன்னார், எடுத்த பிறகு என்ன ஆனது, படத்தில் இருக்கிறதா இல்லையா என்று எழுதுங்கள். இப்படி மூன்று முடிவுகளை எழுதினால் கட்டுரை நிறைந்துவிடும். இதற்கு ஷூட்டிங் நாட்களிலேயே ராத்திரி ஆறு பேரும் சேர்ந்து அன்றைய ஃபுட்டேஜைப் பார்த்து, ஆளுக்கு ரெண்டு வரி எழுதி வைக்க வேண்டும். களைப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் செய்யுங்கள். ஒரே காட்சியை கேமரா பிடித்தவன் ஒரு மாதிரியும் சவுண்ட் பார்த்தவள் வேறு மாதிரியும் எழுதியிருப்பார்கள், அந்த வித்தியாசத்தைத்தான் ஆசிரியர் படிக்க விரும்புகிறார்.

கேள்வி: ஒரே ஹார்ட் டிஸ்க்கில் எல்லாம் இருக்கிறது, போதுமா?

போதாது. இன்றைக்கே இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து, வேறொருவர் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். முக்கியமான பேட்டிகளை ஆன்லைனிலும் ஏற்றுங்கள். நகல் திறக்கிறதா என்று ஓட்டிப் பார்க்கும்வரை மெமரி கார்டை அழிக்க வேண்டாம்.