கேளுங்கள், சொல்கிறோம்: கட்டுப்படியாகும் ஸ்கேன்

எம்.ஆர்.ஐ. கருவியைத் துண்டு துண்டாகக் கொண்டுபோய் ஆப்பிரிக்காவில் பூட்டினார்களாமே? அந்தப் படம் எதற்காவது உதவுமா?
– வாசகர், தேனி

உகாண்டாவின் எம்பரராவில் 2022-இல் பூட்டினார்கள். நெதர்லாந்து, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களோடு அந்த ஊர்ப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த வேலை. பெட்டியைப் பிரித்ததிலிருந்து முதல் படம் வரை 11 நாட்கள்.

வழக்கமான 1.5 டெஸ்லா (காந்தப் புல வலுவின் அளவு) கருவியின் காந்தக் கம்பிச்சுருள் திரவ ஹீலியத்தில், மைனஸ் 269 டிகிரியில் இருக்க வேண்டும். வெளி ரேடியோ இரைச்சல் நுழையாமல் அறை முழுக்க உலோகத் தகடும் பதிக்க வேண்டும். செலவில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது. எம்பரரா கருவியில் ஹீலியமே இல்லை. சிறு நியோடிமியம் காந்தங்களை 23 வளையங்களாக அடுக்கியிருக்கிறார்கள். காந்தப் புலம் உள்ளே குவியும், வெளியே அதிகம் கசியாது. ஆனால் கிடைப்பது சுமார் 50 மில்லிடெஸ்லாதான், அதாவது முப்பதில் ஒரு பங்கு. படம் மங்கல்தான், முழங்கால் ஜவ்வுக் கிழிசலை இதில் தேடக் கூடாது.

குறி வைத்தது குழந்தைகளின் மூளையில் நீர் கோக்கும் நோய்க்கு. நீர் எங்கே, எவ்வளவு என்று தெரிந்தால் அறுவை மருத்துவர் முடிவெடுக்கலாம். அதற்குச் சில மில்லிமீட்டர் துல்லியம் போதும். உச்சிக்குழி மூடிய பின் அல்ட்ராசவுண்டு உதவாது. சி.டி.யை அடிக்கடி எடுத்தால் கதிர்வீச்சு ஏறும்.

எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் இதைச் செய்து பார்க்கலாமா?
– மாணவி, ஈரோடு

தாராளமாக. இவ்வகைக் கருவிகளின் வரைபடங்கள் இணையத்தில் இலவசம். சிக்கல் வரும் இடங்களை மட்டும் சொல்கிறோம்.

ஒரே பெட்டியில் வந்த காந்தங்களும் ஒரே வலுவில் இருக்காது. ஒவ்வொன்றையும் அளந்து, தரம் பிரித்த பிறகே வளையத்தில் ஒட்டுங்கள். இதைச் சோம்பேறித்தனமாகச் செய்தால் படம் வளைந்து நெளியும், பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாக நிமிர்த்த முடியாது. பசை இறுகும்வரை அழுத்திப் பிடிக்கும் சட்டம் அவசியம். பிடி நழுவினால் காந்தங்கள் மோதி உடையும், விரலும் நசுங்கும்.

அடுத்தது வெப்பம். ஒரு டிகிரி ஏறினால் நியோடிமியத்தின் வலு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு குறையும். உங்கள் கருவி பிடிக்கும் ரேடியோ அலைவரிசை சுமார் 2.1 மெகாஹெர்ட்ஸ், அதில் 2 கிலோஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். ஒவ்வொரு படத்துக்கு முன்னும் அலைவரிசையைப் புதிதாகக் கண்டுபிடியுங்கள். ஏசி காற்று காந்தத்தின் மேல் நேராக வீச வேண்டாம்.

மூன்றாவது இரைச்சல். இன்வெர்ட்டர், எல்.இ.டி. விளக்கு, மலிவான செல்போன் சார்ஜர் மூன்றுமே இந்த அலைவரிசையில் கத்தும். படத்தில் நேர்கோடு விழுந்தால் முதலில் அவற்றை அணையுங்கள். உள்ளே இருப்பவரின் உடலே ஆன்டெனாவாகி இரைச்சலை இழுத்து வருவதும் உண்டு. மின்கடத்தும் துணியைப் போர்த்தி அதை எர்த்தில் இணைப்பார்கள். உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம். படம் எடுத்துப் பார்க்கச் சிறிதளவு மயில்துத்தம் கரைத்த தண்ணீர் பாட்டிலே போதும், ஆட்களை உள்ளே படுக்க வைக்காதீர்கள்.

செல்போனில் செருகும் அல்ட்ராசவுண்டை வாங்கி கிராம முகாமில் பயன்படுத்தலாமா?
– மருத்துவர், விருத்தாசலம்

கருவி நல்லதே. படிகங்களுக்குப் பதில் சிலிக்கான் சில்லு உள்ள வகையில், இதயம், வயிறு, தோலுக்கு அடியில் உள்ள நரம்பு எல்லாவற்றுக்கும் ஒரே புரோப் (உடலில் வைக்கும் முனை). தொடர்ந்து ஓட்டினால் சூடேறி நின்றுவிடலாம். ஆண்டுச் சந்தா உண்டா என்று கேட்டு வாங்குங்கள். ஆனால் 1994-ஆம் ஆண்டின் கருவின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் கையடக்கக் கருவிக்கும் பொருந்தும். பதிவில்லாதவருக்கு விற்கவே கூடாது. பதிவு செய்த இடத்தை விட்டு நினைத்தபடி எடுத்துச் செல்லவும் முடியாது. முன்பணம் கட்டுவதற்கு முன் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.