ஓடிபி கேட்காமலே பணம் போனால்?

கேள்வி: ஓய்வூதியம் வரும் சேமிப்புக் கணக்கின் டெபிட் கார்டிலிருந்து வெள்ளிக்கிழமை இரவு 40 ரூபாயும், சற்று நேரத்தில் 18,400 ரூபாயும் ஏதோ ஒரு வெளிநாட்டு இணையதளத்தின் பெயரில் எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது. ஓடிபி எதுவும் வரவில்லை. யாரிடமும் எந்த எண்ணையும் நான் சொல்லவுமில்லை. வங்கிக் கிளையிலோ, "முதலில் போலீஸில் எஃப்.ஐ.ஆர். வாங்கி வாருங்கள்" என்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: கிடைக்க வாய்ப்பு அதிகம், ஆனால் நாள் கணக்கு முக்கியம் என்பதால் உங்களுக்குத் தனியே பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே விரிவாகத் தருகிறோம்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் தவறில்லாமல் மூன்றாம் நபரால் பணம் எடுக்கப்பட்டு, அதை வாடிக்கையாளர் மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவித்துவிட்டால், இழப்பில் ஒரு ரூபாய்கூட அவர் தலையில் விழாது. குறுஞ்செய்தி வந்த நாள் இந்தக் கணக்கில் சேராது. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் தெரிவித்தால், சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சமாக 10,000 ரூபாய் வரை நீங்கள் ஏற்க நேரிடும். அதற்கும் மேல் தாமதமானால் அந்தந்த வங்கியின் கொள்கைதான் முடிவு செய்யும். எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் புகாரை ஏற்போம் என்ற நிபந்தனை அந்தச் சுற்றறிக்கையில் இல்லை. காவல் நிலையத்துக்கும் கிளைக்கும் நீங்கள் அலையும் நாட்களும் உங்கள் கணக்கில்தான் ஏறும் என்பதைக் கிளையில் யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆகவே, வங்கியின் 24 மணி நேர எண்ணை அழைத்து கார்டை முடக்கிப் புகார் எண்ணைப் பெறுங்கள். அதே விவரத்தை மின்னஞ்சலிலோ, கிளையில் முத்திரையிட்ட நகல் பெற்றுக் கடிதமாகவோ எழுத்தில் கொடுங்கள். கூடவே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். தெரிவித்த பத்து வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் புகாரை முடிக்க வேண்டும். தவறு உங்களுடையது என்று வங்கி சொன்னால், அதை நிரூபிக்கும் பொறுப்பும் வங்கிக்கே. மாறாக, ஓடிபியை நீங்களே யாரிடமாவது சொல்லியிருந்தால், புகார் தரும்வரை ஏற்பட்ட இழப்பு முழுவதும் உங்களுடையதாகியிருக்கும்.

ஓடிபி ஏன் வரவில்லை என்றால், உள்நாட்டு இணைய வணிகத்துக்குக் கட்டாயமான அந்தக் கூடுதல் சரிபார்ப்பைப் பல வெளிநாட்டுத் தளங்கள் கேட்பதில்லை. கார்டு எண்ணும் காலாவதித் தேதியும் பின்புறமுள்ள மூன்று இலக்கமும் போதும். முதலில் போன 40 ரூபாய், கார்டு உயிரோடு இருக்கிறதா என்று திருடர் பார்த்த வெள்ளோட்டம். சில்லறைத் தொகைதானே என்று பலரும் விட்டுவிடுவது அதைத்தான். புதிய கார்டு வந்ததும் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை அணைத்தே வைத்திருங்கள்.

வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ மறுத்தாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது, வங்கிக்கு நீங்கள் எழுத்தில் கொடுத்த புகாரின் நகல்.