வெயில் பக்கம் மாறும் மாதம்: தோட்டக் கேள்வி பதில்

கேள்வி: இணையத்தில் பார்க்கிற தோட்டக் குறிப்பெல்லாம் 'வசந்தத்தில் விதையுங்கள்' என்கிறது. நம் சிங்கப்பூரில் மார்ச் மாதத்துக்கு அப்படி என்ன விசேஷம்? எங்கள் அடுக்குமாடித் தாழ்வாரம் வடக்குப் பார்த்தது. டிசம்பரில் போட்ட வெண்டை நெடுநெடுவென்று வளர்ந்ததே தவிர ஒரு பூ இல்லை.
– வாசகி, ஈசூன்

பதில்: அந்தக் குறிப்புகள் உறைபனி விலகும் நாளைக் கணக்கிட்டு எழுதப்பட்டவை. நமக்குப் பனியும் இல்லை, பகல் நீளமும் ஆண்டு முழுக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் மாறுவதில்லை. மாறுவது வெயில் விழும் பக்கம். மார்ச் மூன்றாம் வாரம் வரை தெற்கே சாய்ந்திருக்கும் சூரியன் பிறகு வடக்கே நகரும். ஜூன் 21 வாக்கில் எல்லையைத் தொட்டுத் திரும்பி, செப்டம்பர் இறுதியில் மறுபடி தெற்கே போய்விடும். டிசம்பரில் உங்கள் தாழ்வாரத்தில் நேர்வெயிலே விழுந்திருக்காது. வெளிச்சத்தைத் தேடித்தான் செடி நீண்டது. உரம் கூட்டியிருந்தால் இன்னும் நீண்டிருக்கும், காய்த்திருக்காது.

அதற்காக மார்ச்சிலேயே அவசரப்பட வேண்டாம். ஏப்ரலில் நடுப்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலையில் நிற்பதால் மேல்மாடித் தளம் மறைத்துவிடும். மே முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரைதான் காலையிலும் மாலையிலும் வெயில் நன்றாகச் சாய்ந்து உள்ளே வரும். வெண்டை பூக்க 45 முதல் 50 நாள் ஆகும். ஏப்ரல் நடுவில் விதைத்தால் பூக்கும் நேரமும் நல்ல வெயிலும் ஜூனில் ஒன்றுசேரும். விதையை இரவு முழுதும் ஊறவைத்து, 30 செ.மீ. ஆழமுள்ள தொட்டியில் 2 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். தொட்டிக்கு ஒரு செடி போதும். இரண்டு வைத்தால் இரண்டும் நோஞ்சான். மே முதல் வாரத்தில் ஒரு நாள், காலை 8 முதல் மாலை 6 வரை மணிக்கொரு தடவை தொட்டியின் நிழல் கூர்மையாக விழுகிறதா என்று குறித்து வையுங்கள். ஐந்து மணி நேரம்கூடத் தேறவில்லை என்றால் வெண்டையை மறந்துவிட்டுத் தண்டுக்கீரைக்கு மாறுவது நல்லது.

தெற்குப் பார்த்த வீட்டாருக்கு இது அப்படியே தலைகீழ். கிழக்கு, மேற்குத் தாழ்வாரங்களுக்கு ஆண்டு முழுக்க அரைநாள் வெயில் உண்டு, கொடுத்து வைத்தவர்கள்! வெயிலுக்கு ஆசைப்பட்டு யாரும் தொட்டியைத் தடுப்புச் சுவர்மேல் ஏற்றிவிட வேண்டாம். தாழ்வாரத்தில் நடக்க 1.2 மீட்டர் வழியும் விட்டாக வேண்டும்.

கேள்வி: பூங்காவில் வாடகைத் தோட்டப் பாத்தி கிடைத்திருக்கிறது. 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். பயத்தங்காய்க் கொடியை எந்தப் பக்கம் ஏற்றுவது? கீரை விதை இரண்டு முறை போட்டும் சரியாக முளைக்கவில்லை.
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: உயரமானதை வடக்கே வை என்று பல புத்தகங்களில் இருக்கும். இங்கே மார்ச் இறுதி முதல் செப்டம்பர் வரை வெயில் வடக்கிலிருந்து வருவதால், இந்தப் பருவத்தில் கொடிவலையைத் தெற்கு ஓரத்தில் கட்டுங்கள். அக்டோபரில் அடுத்த விதைப்புக்கு வடக்கே மாற்றிக்கொள்ளலாம்.

கீரை விஷயத்தில் எறும்பின் மேல் ஒரு சந்தேகம், பிற்பகல் இடிமழையின் மேல் இன்னொன்று. மார்ச் கடைசியிலிருந்து மே வரை அடிக்கும் மழையில் பொடி விதை அடித்துக்கொண்டு போகும். மிஞ்சியதன் மேல் மண் இறுகிப் பொருக்குத் தட்டும். விதையோடு ஐந்து பங்கு காய்ந்த மணல் கலந்து தூவி, அரை செ.மீ. கம்போஸ்ட் மூடி, முளைக்கும்வரை நிழல்வலையைத் தாழ்வாகக் கட்டுங்கள். பாத்தி ஓரத்தில் ஒரு பிடி ரவை தூவினால் எறும்பு அதை இழுப்பதிலேயே மும்முரமாகிவிடும். நான்கைந்து நாளில் முளை தெரிந்ததும் வலையை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாற்று வெளிறிச் சாயும். இன்னொன்று: இந்தப் பாத்திக்கு 2.5 செ.மீ. கனத்தில் கம்போஸ்ட் பரப்பவே 60 லிட்டருக்கு மேல் தேவை. 5 லிட்டர் பை ஒன்றைத் தூவிவிட்டு மண் சரியில்லை என்பதில் நியாயமில்லை.

கேள்வி: கறிவேப்பிலை மஞ்சளாகிக் கொட்டுகிறது. வாரா வாரம் புளித்த மோர் ஊற்றுகிறேன்.
– வாசகி, செங்காங்

பதில்: மோரை முதலில் நிறுத்துங்கள். ஒரு பங்கு மோருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து மாதம் ஒருமுறை ஊற்றினால் கெடுதலில்லை. கெட்டியாக ஊற்றினால் மண்மேல் பூஞ்சை படரும், பக்கத்து வீட்டுக்கு வாடையும் போகும். எந்த இலை மஞ்சளாகிறது என்று பாருங்கள். அடியிலுள்ள பழைய இலை என்றால் தழைச்சத்துக் குறைவு. நரம்பு மட்டும் பச்சையாக இருந்து கொழுந்து வெளிறினால் இரும்புச்சத்துக் குறைவு. செடி முழுக்க மஞ்சள், மண்ணும் எப்போதும் ஈரம் என்றால் வேர் அழுகுகிறது. மூன்றில் ஒரு பங்கு பெர்லைட்டோ (நீர் வடிய உதவும் வெள்ளைக் கல்துகள்) கரடுமுரடான மணலோ கலந்த புது மண்ணுக்கு மாற்றி, விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். தட்டில் நிற்கும் நீரை அன்றன்றே கொட்டிவிடுங்கள். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் போதும்.

கேள்வி: தக்காளி பூக்கிறது, பிஞ்சு நிற்பதில்லை.
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: நம் இரவுச் சூடுதான் காரணம். இங்கே இரவிலும் 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். பெரிய ரகங்களின் மகரந்தம் அதில் சரியாக வேலை செய்வதில்லை. செர்ரி தக்காளிக்கு மாறி, காலை எட்டிலிருந்து பத்துக்குள் பூங்கொத்தின் காம்பை விரலால் இரண்டு தட்டு தட்டிவிடுங்கள்.