37 நிமிடக் கெட்டிமேளம்

கேள்வி: காருகுறிச்சியாரின் நாகஸ்வர இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவன் நான். விடுமுறைக்கு வந்திருந்த பேரன், "தாத்தா, இது உங்களுக்குப் பிடிக்கும்" என்று சொல்லி, அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் 'ஃப்ரீ ஜாஸ்' என்னும் ஆல்பத்தை ஹெட்போனில் போட்டுக் காட்டினான். ஆளுக்கொரு பக்கம் இழுப்பதாகத்தான் என் காதுக்குப் பட்டது. இதில் உண்மையிலேயே ஓர் ஒழுங்கு உண்டா, அல்லது ரசிப்பதாகக் காட்டிக்கொள்வது ஒரு நாகரிகமா? உண்டென்றால் எங்கிருந்து தொடங்குவது? கத்ரி கோபால்நாத்தின் கையில் குழைந்த சாக்ஸபோன் இவர்களிடம் ஏன் இப்படிக் கத்துகிறது?
— ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: பேரனின் ஆர்வம் பாராட்டத்தக்கது, அவர் தொடங்கிய இடம்தான் தவறு. 1960 டிசம்பரில் பதிவான அந்த ஆல்பத்தில், நால்வர் கொண்ட குழு ஒன்று இடப்பக்கமும் இன்னொன்று வலப்பக்கமுமாக ஏறத்தாழ 37 நிமிடங்கள் ஒருசேர வாசிக்கின்றன. தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளத்தை மட்டும் ஒருவருக்கு 37 நிமிடம் கேட்கக் கொடுத்து, நாகஸ்வரம் என்றால் இதுதான் என்று சொன்னால், அவர் காருகுறிச்சியாரின் ஆலாபனையைத் தேடி வருவாரா?

ஒழுங்கு நிச்சயமாக உண்டு. பெரும்பாலான ஜாஸ் உருப்படிகளில் அது தாளத்தைப் போலவே சுற்றிச் சுற்றி வருவது. அதைக் கையில் பிடித்துக்கொள்ளாதவரை மேலே நடப்பது எல்லாம் இரைச்சலாகவே கேட்கும். மைல்ஸ் டேவிஸ் 1959-இல் வெளியிட்ட 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தின் முதல் உருப்படியான 'ஸோ வாட்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பியானோவும், பேஸ் என்னும் தாழ்ந்த ஒலித் தந்தி வாத்தியமும் தாளமின்றிச் சிறிது நேரம் தடவிப் பார்த்தபின், பேஸ் ஒரு வரியை வாசிக்க, மற்றவர்கள் இரண்டே ஒலிகளில் அதற்குப் பதில் சொல்வார்கள். வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கப்பாட்டுக்காரர்கள் "ஆமா" போடுவதைக் கேட்டுப் பழகிய நமக்கு இது புதிதாக இருக்காது.

அந்தப் பதில்கள் தொடங்கும்போது நீங்கள் எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளம் போடத் தொடங்குங்கள். நான்கு ஆவர்த்தனம், அதாவது தாளத்தின் நான்கு முழு வட்டம், ஒரு பகுதி. அது அப்படியே மீண்டும் ஒரு முறை வரும். மூன்றாவது பகுதியில் யாரோ சுருதிப் பெட்டியை அரைக்கட்டை ஏற்றிவிட்டதுபோல் எல்லாம் மேலே நகரும். நான்காவதில் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். ஆகப் பதினாறு ஆவர்த்தனம் ஒரு சுற்று. டிரம்பெட்டில் டேவிஸும், அவருக்குப்பின் சாக்ஸபோனில் ஜான் கோல்ட்ரேனும் கேனன்பால் ஆடர்லியும் ஆளுக்கு இரண்டு சுற்று மனோதர்மமாக, அதாவது அந்த நேரத்துக் கற்பனைப்படி வாசிக்கும்போதும் இந்தக் கணக்கு ஓர் எண்ணிக்கைகூடப் பிசகுவதில்லை. வழி தவறினால் சாக்ஸபோனை விட்டுவிட்டு, எண்ணிக்கைக்கு ஒரு சுரமாக நடந்துகொண்டிருக்கும் பேஸைப் பிடித்துக்கொள்ளுங்கள். அரைக்கட்டை ஏறும் இடம் வந்ததும் உங்கள் இருப்பிடம் தெரிந்துவிடும். முதல் மூன்று முறை வேறு எதையும் ரசிக்க முயல வேண்டாம் என்பது என் கண்டிப்பான யோசனை.

இதன் சுரங்கள் நம் கரகரப்பிரியா ராகத்தின் சுரங்களே. அதை நம்பி, சுரங்களை அசைத்து இழைக்கும் கமகத்தை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ராகத்தின் வேலையில் பெரும்பங்கை அங்கே சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளும் தாளத்தின் ஆட்டமும் செய்கின்றன. இன்னொன்று, நாம் முதல் தட்டில் அழுத்துவோம்; அவர்களுடைய டிரம்ஸில் கால்மிதியால் மூடும் ஜால்ரா நான்கு தட்டுகளில் இரண்டிலும் நான்கிலும் விழும். நம் கைக்கு இது சில நாள் முரண்டு பிடிக்கும்.

அடுத்ததாக, அதே 1959-இல் வந்த டேவ் ப்ரூபெக் குழுவின் 'டேக் ஃபைவ்'. பால் டெஸ்மண்ட் அமைத்த இது ஐந்து எண்ணிக்கையில் நடப்பது. கண்டச் சாபு தெரிந்தவருக்குச் சிரமமில்லை. ஆனால் நாம் இரண்டும் மூன்றுமாகப் பிரிப்பதை அவர்கள் மூன்றும் இரண்டுமாகப் பிரிக்கிறார்கள். நடுவே ஜோ மொரெல்லோவின் டிரம்ஸ், ஒரு சிறு தனி ஆவர்த்தனம் என்றே சொல்லலாம். மூன்றாவதாக, லூயி ஆம்ஸ்ட்ராங் 1928-இல் பதிவுசெய்த 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்'. பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் டிரம்பெட் மட்டும் எழுந்து இறங்கும் அதன் தொடக்கத்தைக் கேட்டும் நாகஸ்வரக்காரரின் மூச்சு நினைவுக்கு வரவில்லை என்றால், ஜாஸை விட்டுவிடுங்கள். குற்றம் ஒன்றும் இல்லை.

சாக்ஸபோன் கத்துவதைப் பற்றி: கோபால்நாத் அக்கருவியைக் கமகத்துக்கு வளைத்து, வாய்ப்பாட்டின் இழைவைக் கொண்டுவந்தவர். ஜாஸ் கலைஞரோ கரகரப்பையும் அடித்தொண்டையையும் மறைக்காமல், தம் குரல் இன்னாருடையது என்று அடையாளம் தெரியும்படி ஊதுவதையே பெருமையாகக் கொள்கிறார். இந்த இரண்டு வழிகளும் சந்தித்ததும் உண்டு. ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பா 2008-இல் வெளியிட்ட 'கின்ஸ்மென்' ஆல்பத்தில் கோபால்நாத்தும் அவரும் சேர்ந்தே வாசித்திருக்கிறார்கள். அமெரிக்க சாக்ஸபோன் கலைஞரான சார்லி மரியானோ, நாகஸ்வரத்தையே கற்றுக்கொண்டு வாசித்தவர்.

இவையெல்லாம் காதில் படிந்தபின், அடுத்த விடுமுறைக்குப் பேரன் வரும்போது, அவர் கொடுத்த ஆல்பத்தையே திரும்பப் போடச் சொல்லுங்கள். இந்த முறை இடது காதுப் பக்கத்தை மட்டும் மாட்டிக்கொண்டு ஒரு குழுவை முழுதாகக் கேளுங்கள். வலது பக்கத்தை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.