கிழங்கு அச்சில் மை வழிகிறதே?

கேள்வி: நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கானா நாட்டு அடிங்க்ரா அச்சு (பொருள் பொதிந்த சின்னங்களைத் துணியில் ஒற்றும் கலை) சொல்லிக்கொடுத்தோம். உருளைக்கிழங்கில் சின்னத்தை வெட்டி, போஸ்டர் கலர் தொட்டுத் துணியில் ஒற்றினால், உருவமே தெரியாமல் வழிந்துவிடுகிறது. ஏன்?
– ஆசிரியை, பாளையங்கோட்டை

பதில்: கிழங்கின் ஈரம்தான் முதல் காரணம். வெட்டிய முகத்தைப் பழந்துணிமேல் கவிழ்த்துப் பத்து நிமிடம் வையுங்கள். பள்ளம் 5 மி.மீ. ஆழமாவது வேண்டும், குறைந்தால் வண்ணம் அதற்குள் நிரம்பி எல்லாம் ஒரே திட்டாகும். பிள்ளைகள் வரையட்டும், கத்தி உங்கள் கையில் இருக்கட்டும். வண்ணத்தில் தண்ணீர் சேர்க்கவே கூடாது. தட்டில் ஈர ஸ்பாஞ்ச் வைத்து, அதில் வண்ணத்தைத் தடவி, கிழங்கை அதன்மேல் ஒற்றியெடுங்கள். கிழங்கை நேரே வண்ணத்தில் முக்குவதுதான் பாதிக் கோளாறு. துணிக்கடியில் நாலைந்து செய்தித்தாள் விரித்தால் அழுத்தம் சமமாக விழும்.

உருவம் இடவலம் மாறி விழும். ஆகவே அடிங்க்ரா சின்னங்களில், திரும்பிப் பார்க்கும் சங்கோஃபா பறவையை விட்டுவிட்டு, இருபுறமும் ஒன்றுபோலிருக்கும் இதய வடிவ அகோமாவில் தொடங்குங்கள்.

இந்தக் கலைக்குப் பெயர்பெற்ற கானாவின் அசாந்தி மக்கள் சுரைக்குடுக்கை ஓட்டில்தான் அச்சு செதுக்குகிறார்கள். மரப்பட்டையைக் காய்ச்சிய கறுப்புச் சாயத்தில் சீப்பு போன்ற கருவியை நனைத்துக் கட்டம் இழுப்பார்கள். உங்களுக்குப் பழைய சீப்பே போதும். காடாத்துணி என்றால் முதலில் அலசிக் கஞ்சியைப் போக்குங்கள். சாரல் நாட்களில் காயாமல் அடுக்கிவிடாதீர்கள், ஒட்டிக்கொள்ளும்.